‘என் தப்புதான்’ என்று சொல்ல ஓஸ்லோவில் ஓர் ஆள்

ஏழாவது தளபதியும் நிரபராதி என்று தெரிய வந்தபோது எனக்கு முதுகில் வியர்த்துக்கொண்டிருந்தது. சென்னையில் எங்கள் நூலகத்தின் மூன்றாவது மாடி. மின்விசிறி சுழல்வதாக நடித்துக்கொண்டிருந்தது.

பாகிஸ்தான் உடைந்து பங்களாதேஷ் பிறந்ததைப் பற்றித்தான் என் முனைவர் பட்ட ஆய்வு. கதை சுருக்கமானது. தேர்தலில் கிழக்குப் பகுதி வென்றது. மேற்கில் இருந்தவர்கள் ஆட்சியைக் கொடுக்கவில்லை. கேட்டவர்கள் மேல், 1971 மார்ச்சில், சொந்த ராணுவத்தையே ஏவினார்கள். லட்சக்கணக்கில் சனம் எல்லை தாண்டி ஓடியது. டிசம்பரில் இந்தியாவோடு போர், டாக்காவில் பாகிஸ்தானின் சரணாகதிக் கையெழுத்து. அதற்குப் பிறகு ஓய்வுபெற்ற அதிகாரிகள் உட்கார்ந்து ஆளுக்கொரு புத்தகம் எழுதினார்கள். முதலாமவர், அரசியல்வாதிகள்தான் காரணம் என்கிறார். இரண்டாமவர், முதலாமவர்தான் காரணம் என்கிறார். மூன்றாமவருக்கு வரைபடம் சரியில்லை. நான்காமவருக்கு ஆறுகள் அதிகம். ஐந்தாமவர் அந்த நேரம் விடுப்பில் இருந்தார். ஆறாமவர் எச்சரித்தாராம், யாரும் கேட்கவில்லையாம். ஏழாமவர் முந்நூறு பக்கம் எழுதி, வரலாறு தன்னை விடுவிக்கும் என்று முடித்திருந்தார்.

அப்படியானால் அந்த நாடு மேசை விளிம்பிலிருந்து தம்ளர் விழுவதுபோலத் தானாகவே விழுந்து உடைந்ததா?

அந்த நிமிடம்தான் எனக்கு யோசனை வந்தது. புத்தகம் எழுதாத ஒருவரைப் பிடிக்க வேண்டும். அன்றைக்கு அந்தச் சீருடையில் இருந்து, இன்றைக்கு ‘என் தப்புதான்’ என்று சொல்லக்கூடிய ஓர் ஆள். ஒரே ஓர் ஆள் போதும், ஓர் அத்தியாயம் எழுதிவிடலாம்.

என் ஆய்வு வழிகாட்டி மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டார். “லாகூருக்கு விசா கொடுத்துருவாங்களாம்மா உனக்கு?” கொடுக்க மாட்டார்கள். ஆனால் ஓஸ்லோவில் ஆவணக் காப்பு பற்றிய நான்கு நாள் பயிற்சிக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஓஸ்லோவில் பாகிஸ்தானியர்கள் இரண்டு தலைமுறையாக இருக்கிறார்கள். எதிரி நாட்டுக்கு நேராகப் போக முடியாவிட்டால் வட துருவம் வழியாகப் போவது என்று முடிவு செய்தேன்.

“சரி. ஆள் கிடைச்சா அத்தியாயம். கிடைக்கலேன்னா ஏரிப் பாசனச் சங்கங்கள்னு ஒரு தலைப்பு ரெடியா வச்சிருக்கேன். அருமையான தலைப்பு” என்றார் வழிகாட்டி.

ஏரிகள் மேல் எனக்கு எந்தப் பகையும் இல்லை. ஆனால் இரண்டு வருட உழைப்பைக் கொண்டுபோய் ஏரியில் போடுவதா?

*

ஞாயிற்றுக்கிழமை. ஏப்ரல் மாதம் என்று நம்பிப் போனேன், பனி பெய்துகொண்டிருந்தது. தங்க இடம் கொடுத்தது பிலோமினா ஆன்ட்டி. சென்னை விடுதியில் என் அறைத் தோழியின் சித்தி. யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறையிலிருந்து அகதியாக வந்தவர், இப்போது மெட்ரோவின் கடைசி நிலையமான வெஸ்ட்லியில் ஓர் அடுக்குமாடியின் எட்டாவது தளத்தில் இருக்கிறார். மகள் மெலனி இங்கேயே பிறந்தவள், பொறியியல் கடைசி வருடம் படிக்கிறாள்.

“வாரும் பிள்ளை, சப்பாத்தைக் கழட்டும். உள்ளுக்குப் பனி கொண்டு வராதேயும்” என்றார். உட்கார்ந்த உடனே இடியப்பமும் சொதியும் மாசிச் சம்பலும் வந்தன. நான் அறியாப் பிள்ளையாக, “சாம்பார் இருக்கா ஆன்ட்டி?” என்று கேட்டுவிட்டேன்.

ஆன்ட்டி சொதிச் சட்டிக்குள் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“இந்தியாவில எல்லாத்துக்கும் சாம்பார் ஊத்துவினமாம் அம்மா. நான் ரிவியில பாத்தனான்” என்றாள் மெலனி, ஏதோ தொலைதூரப் பழங்குடியைப் பற்றிச் சொல்வதுபோல.

“பாவம்” என்றார் ஆன்ட்டி. அந்த இரக்கம் உண்மையானது.

சாப்பிட்டபடியே என் திட்டத்தைச் சொன்னேன். ஆமிக்காரனைத் தேடி ஒருத்தி நோர்வே வந்திருக்கிறாள் என்பதை ஆன்ட்டியால் ஜீரணிக்க முடியவில்லை. “நாங்கள் ஆமிக்காரனிட்ட இருந்து தப்பி இஞ்சை வந்தனாங்கள். நீர் அவனைத் தேடி வந்திருக்கிறீர். வடிவான படிப்பு.”

*

திங்கட்கிழமை பயிற்சி முடிந்ததும், பாகிஸ்தானியர்கள் கடை வைத்திருக்கும் கிரன்லாண்ட் பகுதிக்கு ஓடினேன். கொத்தமல்லிக் கட்டு, மாம்பழப் பெட்டி, சேலைத் துணி, மசூதி. பத்து நிமிடம் குளிரை மறந்தால் நாம் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிட்டோமோ என்று தோன்றும். மளிகைக் கடைக்காரர் ஆங்கிலத்தில் அன்பாகப் பேசினார். எழுபத்தொன்றா? “அது முழுக்க அரசியல்வாதிகள் வேலை.” முடி திருத்துபவர்: “தளபதிகள்.” டாக்ஸி நிறுத்தத்தில் ஒருவர் என் நாட்டைக் கேட்டு, சிரித்துக்கொண்டே என் பக்கம் விரல் நீட்டினார்: “நீங்கள்!” இனிப்புக் கடைக்காரர் மட்டும் வேறு மாதிரி. அவருடைய மாமா அந்தப் போரில் இருந்தாராம். ஆர்வத்தோடு குறிப்பேட்டைத் திறந்தேன். “அவர் அப்போது விடுப்பில் இருந்தார்” என்றார்.

அன்று மாலை வழிகாட்டிக்கு அனுப்பிய செய்தி: ‘களப்பணி மிகச் சிறப்பாகப் போகிறது சார்.’

இரவுச் சாப்பாட்டில் என் முகத்தைப் பார்த்து ஆன்ட்டிக்கே மனம் இரங்கிவிட்டது. அவர் வேலை செய்வது ட்வெய்ட்டாவில் இருக்கும் ஒரு முதியோர் பகல் மையத்தின் சமையலறையில். “எங்கட இடத்துக்கு ஒரு பாகிஸ்தான்காரன் வாறவர். அஸ்லம் எண்டு பேர். எல்லாரும் மேஜர் எண்டுதான் கூப்பிடுறது. எழுபத்தொண்டில ஆமியில இருந்தவராம். கதைக்கப் பண்ணிறது உம்மட கெட்டித்தனம்.”

மேஜர்! அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

*

செவ்வாய்க்கிழமை அந்த மேஜரைப் பார்க்கத்தான் போனேன். ஆனால் முதலில் ஓஸ்லோவைச் சுற்றி வந்தேன். வெஸ்ட்லியிலிருந்து ஐந்தாம் எண் ரயில். த்ஹோயன் நிலையத்தில் இறங்கி வேறு ரயில் மாற வேண்டும். ஏழாவது தளபதியை மறுபடி படித்துக்கொண்டிருந்ததில் நிலையத்தைத் தவறவிட்டேன். சென்னையாக இருந்தால் இந்நேரம் மூன்று பேர் எனக்கு வழி சொல்லி, அந்த மூன்று வழிகளில் எது சரி என்று அவர்களுக்குள் சண்டையும் தொடங்கியிருக்கும். இங்கே எதிரில் ஓர் அம்மையார், காலடியில் ஒரு நாய். இருவரும் என்னைப் பார்க்காமல் இருப்பதில் கவனமாக இருந்தார்கள். நகர மையம் போனது, பல்கலைக்கழகம் போனது, ஒரு கால்பந்து மைதானம் போனது. அரை மணி நேரத்துக்கு மேல் கழித்து ஒலிபெருக்கியில் மறுபடி கேட்டது: த்ஹோயன். அந்த ரயில் நகரத்தை ஒரு வளையம் சுற்றிவிட்டு அதே நிலையத்துக்குத் திரும்பி வருகிற வகையாம். தவறவிட்டதை மறுபடி கொண்டுவந்து தருகிற ரயிலை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ட்வெய்ட்டாவில் மெலனி பையைத் தோளில் போட்டபடி காத்திருந்தாள். அவள் வந்தது வேடிக்கை பார்க்க. அவள் வரவில்லை என்றால் என் கதி என்ன ஆகியிருக்கும் என்பது ஐந்தாவது நிமிடத்தில் தெரிந்தது.

கூடத்தில் பிங்கோ என்கிற எண் விளையாட்டு நடந்துகொண்டிருந்தது. வெள்ளைத் தாடியும் இஸ்திரி போட்ட சட்டையுமாக ஒருவர் ஒலிவாங்கியில் எண்களை வாசித்துக்கொண்டிருந்தார். ஒவ்வோர் எண்ணையும் தனித்தனியாக, தந்தி அடிப்பதுபோல, இரண்டு தடவை. சுற்றிலும் நார்வே மூதாட்டிகள் பரீட்சை எழுதுகிற கவனத்தோடு கட்டம் அடித்தார்கள். அவர்தான் அஸ்லம். ஆட்டம் முடிந்ததும் எங்களிடம் வந்து உருதுவில் ஏதோ கேட்டார்.

எங்கள் ஊரில் ‘இந்தி தெரியாது’ என்பதை நெஞ்சு நிமிர்த்திச் சொல்வோம். வாழ்க்கையில் முதல் முறையாக அதை வருத்தத்தோடு சொன்னேன். அவருக்கோ ஆங்கிலம் அரைகுறை. இருபத்தைந்து வருடம் ஓஸ்லோவில் பேருந்து ஓட்டியதால் நார்வே மொழி சரளம். ஆகவே இந்தியாவும் பாகிஸ்தானும் பேசிக்கொள்ள, யாழ்ப்பாணம் நடுவில் உட்கார வேண்டியதாயிற்று. என் குறிப்பேட்டில் அந்தப் பஞ்சாபி ராணுவ வீரர் கடைசிவரை யாழ்ப்பாணத் தமிழில்தான் பேசுகிறார்.

“முதல்ல, நாப்பது நிமிசம் பிந்தி வந்திருக்கிறியளாம். தான் பஸ் ஓடின காலத்தில ஒரு நாளும் இப்பிடிப் பிந்தேல்லையாம்.”

மன்னிப்புக் கேட்டேன்.

“நீங்கள் இந்தியாவோ எண்டு கேக்கிறார்.”

“ஆமா.”

அவர் நாற்காலியை முன்னுக்கு இழுத்தார். கண்கள் பளபளத்தன. நீளமாக ஏதோ சொன்னார். மெலனி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

“அக்கா, இவரிட்ட ஒரு முறைப்பாடு இருக்காம். கன காலமா ஒரு இந்தியரின்ர கையில குடுக்கோணும் எண்டு காத்துக்கொண்டு இருந்தவராம். சரணடைஞ்ச பிறகு ராஞ்சியில ரண்டு வருசம் முகாமில வச்சிருந்தவையாம். ஒவ்வொரு நாளும் பருப்பாம். பருப்பு எண்டு சொல்லித் தந்தவையாம். கோப்பைக்கு அடியில கீறியிருக்கிற பூ தெரியுமாம். அவ்வளவு தண்ணி.”

“ரொம்ப வருத்தமா இருக்குன்னு சொல்லு.”

“வருத்தம் காணாதாம். எழுதித் தரட்டாம்.”

அவர் மேசையிலிருந்த காகிதக் கைக்குட்டையை என் பக்கம் தள்ளினார். நான் தமிழில் எழுதினேன்: ‘ராஞ்சி முகாமில் பருப்பு தண்ணீராக இருந்தது உண்மை. வருந்துகிறோம்.’ கையெழுத்தும் போட்டேன். அவர் அதை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஆக, எழுபத்தொன்று தொடர்பாக ஓஸ்லோவில் முதன்முதலில் தப்பை ஒப்புக்கொண்டது இந்தியா.

“இப்போ என் கேள்வி” என்றேன். “நீங்க மேஜரா என்ன செஞ்சீங்க?”

கேள்வி போய்ச் சேர்ந்ததும் அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பேருந்துகளைப் பற்றிப் பேசினார். பனியில் வளைவு திருப்புவது எப்படி என்று கையால் செய்து காட்டினார். பிறகு எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

*

புதன்கிழமை அவர் மையத்துக்கு வரும் நாள் அல்ல. பயிற்சி முடிந்து மெலனியோடு நாடாளுமன்றக் கட்டடத்தைத் தாண்டி நடந்தேன்.

“நோர்வேயும் ஸ்வீடனும் ஒண்டா இருந்ததுகள், தெரியுமோ? பிறகு நாங்கள் பிரிஞ்சிட்டம். வாக்கெடுப்பு வச்சு, சண்டை இல்லாமல்” என்றாள்.

“நாங்களா?”

“நான் நோர்வேஜியன் அக்கா, எனக்கும் பங்கு இருக்கு. கஷ்டப்பட்டுச் சுதந்திரம் எடுத்தது. இப்ப சனிக்கிழமை எண்டா எல்லாரும் காரில ஸ்வீடனுக்குத்தான் போகினம். இறைச்சியும் சோடாவும் அங்கை மலிவு.”

நான் படித்த எந்தப் பிரிவினையும் இறைச்சிக் கடையில் முடிந்ததில்லை. பொறாமையாக இருந்தது. அம்மாவின் ஊரை நினைத்து அவளுக்கும் இருந்திருக்க வேண்டும்.

“அக்கா, அவர் கதைக்காட்டி என்ன செய்வியள்?”

“ஏரி.”

“என்ன ஏரி?”

விளக்கினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு, “நாளைக்கும் நான் வாறன்” என்றாள்.

*

வியாழக்கிழமை. மறுநாள் காலை எனக்கு விமானம். மையத்தில் அன்று வாஃபிள் நாள். பூ இதழ்போல வார்த்த மெல்லிய அப்பம், மேலே ஸ்ட்ராபெரி ஜாம். அஸ்லம் எங்களைப் பார்த்ததும் ஓடிவிடவில்லை, அதுவே முன்னேற்றம். ஆனால் நான் கேட்ட எல்லாவற்றுக்கும் இரண்டாவது வாஃபிளையே பதிலாகத் தந்தார். மூன்றாவதைச் சாப்பிடும்போது என் கைபேசி அதிர்ந்தது. வழிகாட்டி. ‘ஆள் கிடைத்தாரா? நிலைமை என்ன?’

நான் வாஃபிளை வைத்துவிட்டு, நான்கு நாளாக அடித்துப் பழகிய வேகத்தில் தட்டினேன்: ‘எல்லாம் திட்டப்படி நடக்கிறது சார்.’

மெலனி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். “பொய்! சுத்தப் பொய்!” என்று கூவிவிட்டு, அந்த வேடிக்கையைத் தனியாக அனுபவிக்க மனமில்லாமல், அஸ்லத்திடமும் மொழிபெயர்த்துச் சொன்னாள். இந்தியாக்காரியின் பேராசிரியர் நிலைமை கேட்கிறார், இவள் எல்லாம் நல்லபடி என்று அனுப்புகிறாள், நிலைமையோ வாஃபிள் தின்றுகொண்டிருக்கிறது.

அவரும் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. கைபேசித் திரையைக் காட்டச் சொன்னார். ஓர் எழுத்தும் புரியாத அந்த வரியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“அக்கா” என்றாள் மெலனி, குரல் மாறி. “தான் மேஜர் இல்லையாம். இஞ்சை ஆரோ பகிடிக்குச் சொன்னதை மறுக்காமல் விட்டவராம். தான் வெறும் கிளார்க்காம். கிழக்குப் பாகிஸ்தானில, கொமிலாவில, ராணுவத் தந்தி அறையில. பின்னேரம் பின்னேரம் மேலிடத்துக்கு நிலைமை அறிக்கை அனுப்புறதுதான் வேலையாம்.”

நான் குறிப்பேட்டைத் திறந்தேன்.

“பக்கத்துக் கதிரையில ஒரு வங்காளிப் பெடியனாம். ஷம்சுல். டவுணில வீடு. ஒவ்வொரு நாளும் வரேக்க தான் கண்டதைச் சொல்லுவானாம். கடையெல்லாம் பூட்டு, றோட்டை வெட்டிப் போட்டாங்கள், சனம் கொதிச்சுப் போய் நிக்குது எண்டு. முதல் நாள் இவர் அதை அப்பிடியே எழுதினவராம். கப்டன் கிழிச்சுப் போட்டாராம். ‘மேலிடம் இதைக் கேக்கேல்லை. வழமை எண்டு எழுது.’”

அஸ்லம் விரலால் மேசையைத் தட்டினார். அடுத்ததை மெலனி மெதுவாகச் சொன்னாள்.

“ரண்டாம் நாளும் கிழிச்சாராம். மூண்டாம் நாள்... மூண்டாம் நாள் கப்டன் ஒண்டும் சொல்லேல்லையாம். தானாகவே ‘நிலைமை வழமை’ எண்டு எழுதினவராம். அதுக்குப் பிறகு ஒவ்வொரு நாளும். ‘கப்டன் ரண்டு நாள்தான் சொன்னவர். மிச்சம் எல்லாம் நான். என்ர பிழை.’”

என்ர பிழை. இரண்டு வருடமாக, ஏழு புத்தகங்களில், நான் தேடிய சொல் இதுதான். எழுதிக்கொண்டேன். அது கிடைத்தால் எழுந்து நின்று கூத்தாடுவேன் என்று நினைத்திருந்தேன், எழுந்திருக்கவே தோன்றவில்லை.

சமையலறையிலிருந்து பிலோமினா ஆன்ட்டி கைகளை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு வந்து நின்றிருந்தார். எவ்வளவு நேரமாகக் கேட்டாரோ.

“எங்களுக்கும் ரேடியோவில இதைத்தான் சொல்லுறவங்கள்” என்றார். “நிலைமை வழமைக்குத் திரும்பிவிட்டது. அதைக் கேட்ட கையோட நாங்கள் பெட்டி கட்டத் தொடங்குவம். உவரிட்டச் சொல்லு மெலனி, உவர் எழுதினதை நம்பினது மேல இருந்தவங்கள் மட்டும்தான். சனம் ஒருக்காலும் நம்பேல்லை.”

மெலனி சொன்னாள். அஸ்லம் ஆன்ட்டியைப் பார்த்துத் தலையாட்டினார். ஆன்ட்டி தலையாட்டவில்லை. ஆனால் அவருடைய காலிக் கோப்பையை எடுத்துக்கொண்டுபோய்ச் சூடான தேநீர் ஊற்றிவந்து வைத்தார்.

“ஷம்சுல் என்ன ஆனார்?” என்று கேட்டேன்.

இந்தத் தடவை அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பதில் நார்வே மொழியில் மிகச் சிறிய வாக்கியங்களாக வந்தது. அந்த மார்ச்சில், ராணுவம் ஊருக்குள் இறங்குவதற்குச் சற்று முன்பு, ஒரு காலை ஷம்சுலின் நாற்காலி காலியாக இருந்தது. வங்காளி ஒருவர் வேலைக்கு வரவில்லை என்றால் உடனே அறிவிக்க வேண்டும். தேடிப் பிடிக்க ஆள் போகும். அன்று மாலை அறிக்கையில் அஸ்லம் எழுதினார்: ‘அனைவரும் பணியில் உள்ளனர்.’ மறுநாளும் அதையே எழுதினார். மூன்றாம் நாள் கேட்கவும் ஆளில்லை, ஊரே எரிந்துகொண்டிருந்தது.

“ரண்டு நாள் ஓடித் தப்ப நேரம் குடுத்தனான் எண்டு நினைக்கிறாராம்” என்றாள் மெலனி. “ஆனா சில வேளை, முதல் நாளே கலவரத்தில எங்கையாவது பிடிபட்டு அடிவாங்கிக்கொண்டு கிடந்திருந்தா? வரேல்லை எண்டு எழுதியிருந்தா, ஆராவது தேடிப் போயிருப்பினம், உயிரோட கண்டிருப்பினம். தனக்குத் தெரியாதாம். அந்தப் பொய் மட்டும் நல்லதோ கெட்டதோ எண்டு இண்டைக்கும் தெரியாதாம்.”

அவர் பேனா கேட்டார். என் குறிப்பேட்டில், உருது எழுத்தில் ஒரு பெயரும் ஒரு தெருவும் எழுதினார். மெலனி உச்சரிக்கச் சொல்லிக் கேட்டு, கீழே நான் தமிழில் எழுதிக்கொண்டேன். ஷம்சுல் ஹக். தெருவின் பெயர். பக்கத்தில் ஒரு குளம், குளத்துக்கு எதிரில் தையல் கடை.

“தான் எத்தினையோ தரம் போக நினைச்சவராம், ஆனா அந்த மண்ணில எந்த முகத்தோட போய் இறங்கிறது எண்டு கேக்கிறார். நீங்கள் போகலாம்தானே அக்கா? உங்களுக்கு விசா குடுப்பினம்தானே?”

போகலாம் என்றேன். அப்போதுதான் எனக்கே தெரிந்தது, போகப் போகிறேன் என்று.

*

வெள்ளிக்கிழமை விமான நிலையத்தில் வழிகாட்டிக்கு உண்மையை எழுதினேன். நான்கு நாளும் நான் அனுப்பியது அத்தனையும் பொய் சார், ஆள் நேற்றுதான் கிடைத்தார், அத்தியாயம் இருக்கிறது, ஆனால் பாதிதான் இருக்கிறது, மறு பாதி கொமிலாவில், குளத்துக்கு எதிரில் தையல் கடை உள்ள ஒரு தெருவில். நான் சென்னை போய்ச் சேர்ந்த பிறகுதான் பதில் வந்தது. ‘அந்தக் குளத்துக்கு எதிரில் இப்போது தையல் கடை இருக்குமா? விசாரித்துக்கொண்டு போ’ என்று மட்டும் இருந்தது.

இப்போது பங்களாதேஷ் விசாவுக்கான படிவம் என் முன்னால் இருக்கிறது. வங்காள எழுத்துகளைக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். மொழிபெயர்க்க அங்கே மெலனி இருக்க மாட்டாள். வருகையின் நோக்கம் என்ற கட்டத்தில் முதலில் ‘சுற்றுலா’ என்று எழுதினேன். அடித்துவிட்டு ‘ஆய்வு’ என்று எழுதினேன். அதுவும் முழு உண்மை இல்லை. கட்டம் சின்னது, அதனால் அதில் எழுத முடியாததை இங்கே எழுதிவைக்கிறேன்: அரை நூற்றாண்டுக்கு முன் ஒரு காலையில் வேலைக்கு வராத ஒருவர், வீடு போய்ச் சேர்ந்தாரா என்று கேட்க.